அலகில் முளைத்த கண்

மனித குலத்தின் வீழ்ச்சி போரிலோ பஞ்சத்திலோ தொடங்கவில்லை. கணினித் திரையில் எழுத்தைப் பெரிதாக்கிப் படித்த முதல் ஆளிடம்தான் தொடங்கியது. இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒரு திரையைத் தயாரிப்பவர்கள் அதில் எத்தனை புள்ளிகள் இருக்க வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்து, குறுக்கே இத்தனை, நெடுக்கே இத்தனை என்று அடுக்கி அனுப்புகிறார்கள். அதை அனுப்பியபடியே பார்ப்பவர்கள் நாகரிகமடைந்தவர்கள். எழுத்தைப் பூசணிக்காய் அளவுக்கு ஊதிவிட்டு ஒவ்வொரு காயாக எண்ணிப் படிப்பவர்கள் மற்றவர்கள்.

இந்தக் கொள்கையை அக்கா வீட்டில் சாப்பாட்டு வேளை தவறாமல் அறிவித்து வந்தேன். என் கல்லூரிக்கு அவள் வீடு பக்கம் என்பதால் அங்கே தங்கியிருந்தேன். சும்மா சாப்பிடுகிறவன் வீட்டுக்குக் கொள்கையாவது தர வேண்டாமா?

மூன்றாவது மாடி வீடு. கூடத்தில் ஒரு சோபா. அது என் படுக்கை, அலுவலகம், தவச்சாலை எல்லாம். அதற்கு எதிரே ஜன்னலோரமாக ஒரு மேசை, மேசைமேல் கம்ப்யூட்டர். அக்கா புதிதாக வாங்கிய அகலமான மானிட்டர் அந்த மேசையின் இரண்டு பக்கமும் கொஞ்சம் நீட்டிக்கொண்டு, சின்ன நாற்காலியில் பெரிய மனிதர் உட்கார்ந்ததுபோல் நின்றது.

அக்கா ஓர் எம்பிராய்டரி கம்பெனியில் வேலை பார்த்தாள். ஒரே நேரத்தில் பல சட்டைகளில் பூத்தையல் போடும் பெரிய மெஷின்கள் அங்கே வரிசையாக ஓடும். அறுந்த நூலைக் கோப்பது, தொங்கும் நூலை வெட்டுவது, மறுபடி அறுந்ததைக் கோப்பது என்று அவள் காலம் போனது. மதிய இடைவேளையில் மற்றவர்கள் சாப்பிடப் போவார்கள். இவள் டிசைனர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, அவர் என்ன செய்கிறார் என்று பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள். எந்த இடத்தில் ஊசி இறங்க வேண்டும், எந்தப் பக்கம் சாய வேண்டும், எப்போது நிறம் மாற வேண்டும் என்று மெஷினுக்கு ஒவ்வொரு தையலாகச் சொல்லிக் கொடுப்பதுதான் டிசைன் வேலை. பார்த்துப் பார்த்தே அவள் அதைக் கற்றுக்கொண்டுவிட்டாள். ஒரு நாள் அந்த டிசைனர் வேலையை விட்டுப் போனார். அக்கா நேராக மேற்பார்வையாளர் அம்மாவிடம் போய், "மேடம், நான் பண்ணிப் பாக்கறேன்" என்றாள்.

மேடம் ஒரு சோதனை வைத்தார். ஒரு பள்ளிக்கூடத்தின் சின்னம். திறந்த புத்தகம், அதன்மேல் ஒரு குருவி, கீழே பொடி எழுத்தில் ‘கற்பதே பறப்பது’ என்று வாசகம். காலை ஷிப்டில் வழக்கம்போல நூல் வேலை. மதியத்துக்குமேல் வீட்டில் உட்கார்ந்து இந்த டிசைன். தையல் சரியாக வந்தால் அக்காதான் இனி டிசைனர். வராவிட்டால் ஆயுசுக்கும் நூல்தான்.

முதல் மாதிரி தைத்துப் பார்த்த அன்று மேடத்தின் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

"ஏம்மா, குருவிக்குக் கண்ணு அலகுல இருக்கு. அது பாக்குதா, கடிக்குதா?"

"மேடம், வீட்டுல ஸ்க்ரீன் கொஞ்சம் மங்கலா இருக்கு..."

"ஸ்க்ரீன் மங்கலா இருக்கறது மெஷினுக்குத் தெரியாதும்மா. அது நீ சொன்ன இடத்துல குத்தும். இன்னொரு தடவை அனுப்பு. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மெஷின்ல ஏத்தணும். அதுவும் சரியா வரலைன்னா வெளி ஆளுகிட்ட குடுத்துடுவேன். வருத்தப்படக் கூடாது."

அக்கா போனை வைத்தாள். வருத்தப்படவில்லை. கைப்பையைக்கூட இறக்காமல் திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்து, குருவியை முறைத்துப் பார்த்தாள். குருவி எங்கே பார்க்கிறது என்று தெரியவில்லை.

"தள்ளுக்கா" என்றேன். "இது ஆம்பளைங்க வேலைன்னு சொல்ல மாட்டேன். அறிவாளிங்க வேலை."

"அப்ப உன்னை ஏன் கூப்பிடணும்?" என்றாள். இருந்தாலும் தள்ளினாள்.

செட்டிங்ஸைத் திறந்ததுமே விஷயம் தெரிந்துவிட்டது. ரெசல்யூஷன் குறைந்து கிடந்தது. மானிட்டரில் புள்ளிகள் நிறைய. கம்ப்யூட்டர் அனுப்பிய படத்திலோ புள்ளிகள் கம்மி. சின்னப் பையன் சட்டையைப் பெரிய ஆளுக்கு மாட்டி நாலு பக்கமும் இழுத்துவிட்டால் எப்படியிருக்கும்? அப்படித்தான் அந்தப் படம் திரை முழுக்க இழுபட்டு, ஓரமெல்லாம் நைந்து தெரிந்தது. சரியான அளவைத் தேர்ந்தெடுத்து, ‘வைத்துக்கொள்’ என்பதை அழுத்தினேன். குருவி தண்ணீரிலிருந்து எழுந்ததுபோல் பளிச்சென்று வந்தது.

"அடப்பாவி" என்றாள் அக்கா. "ஸ்க்ரீன்ல இவ்வளவு தூசி இருக்கறதே இப்பதான் தெரியுது."

அத்தான் டீ டம்ளருடன் பின்னால் வந்து நின்றார். அக்காவின் கணவரைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். வாரநாட்களில் அவர் ஒரு கிடங்கில் பெட்டிகளை மேற்பார்வை பார்ப்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கால்பந்து நடுவர். கறுப்புச் சட்டையை அவரே இஸ்திரி போட்டுக்கொள்வார். வேறு யார் போட்டாலும் காலர் தளர்ந்துவிடுமாம். "எனக்குப் பருந்துக் கண்ணு" என்று அடிக்கடி சொல்வார். வாராவாரம் மைதானத்தைச் சுற்றி நிற்கும் கூட்டம் முழுவதும் "யோவ், கண்ணு தெரியலையா?" என்று அவரிடம் ஒரே குரலில் கேட்கும். அவர் அசைய மாட்டார்.

"என்ன ஆச்சு?" என்றார்.

"ரெசல்யூஷன் குறைஞ்சு போச்சு அத்தான்."

"எப்படிக் குறையும்?"

"கிராபிக்ஸ் டிரைவர் கோளாறா இருக்கும்."

"டிரைவரா? எந்த பஸ் டிரைவர்?" என்று சிரித்தார். டிரைவர் என்ற சொல்லைக் கேட்ட ஒவ்வொருவரும் வாழ்நாளில் ஒருமுறை சொல்லித் தீர்க்க வேண்டிய நகைச்சுவை அது. தடுப்பூசி மாதிரி. போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

"கம்ப்யூட்டருக்கும் ஸ்க்ரீனுக்கும் நடுவுல படத்தை எடுத்துக்கிட்டுப் போறதுக்கு ஒரு சாப்ட்வேர் இருக்கு. அதுதான் டிரைவர். அது கெட்டா இப்படி ஆகும். இல்லன்னா, எழுத்து பெரிசாத் தெரியணும்னு யாராவது வேணும்னே ரெசல்யூஷனைக் குறைப்பாங்க. அப்படியும் ஜென்மங்க உலகத்துல இருக்கு அத்தான். அவங்களையெல்லாம் ஒரு தீவுல கொண்டுபோய் விடணும். தீவோட பேரைப் பெரிய எழுத்துல எழுதி வெச்சு."

அத்தானுக்கு டீ புரையேறியது. "அவ்வளவு தூரம் போகணுமாடா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் மதியம் வகுப்பில் இருக்கும்போது அக்காவிடமிருந்து ஒரு படம் வந்தது. குருவி மறுபடியும் பஞ்சு உருண்டையாகியிருந்தது. கீழே அவள் எழுதியிருந்தாள்: ‘அறிவாளி அவர்களே.’

அன்று சாயங்காலம் டிரைவர்மேல் போர் தொடுத்தேன். பழைய டிரைவரை வேரோடு பிடுங்கினேன். திரை ஒருமுறை இருண்டு, பெரிய பெரிய எழுத்துகளோடு விழித்தது. டிரைவர் இல்லாத கம்ப்யூட்டர் அப்படித்தான் விழிக்கும். புதியதை இறக்கிப் போட்டேன். எல்லாம் சுருங்கித் தெளிந்தது. மறுநாள் மதியம் பஞ்சு உருண்டை.

கேபிளைச் சந்தேகப்பட்டேன். கடைக்காரரிடம் நல்ல கேபிள் கேட்டேன். "நல்லதா, தடியானதா?" என்று கேட்டார். தடியானதை வாங்கி வந்து மாட்டினேன். திரை தெளிவாகத்தான் இருந்தது, மறுநாள் மதியம் வரை. தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் வசதியையெல்லாம் நிறுத்தினேன். பின்பக்கம் வேறு துளையில் செருகினேன். தூசி தட்டினேன். ஒவ்வொரு சாயங்காலமும் நான் வென்றேன். ஒவ்வொரு மதியமும் அக்கா படம் அனுப்பினாள். நான் கிளம்பியதற்கும் அவள் ஷிப்ட் முடிந்து வருவதற்கும் இடையில் வீட்டில் என்ன நடக்கிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"டேய், நீ எங்கியோ போய் என்னத்தையோ மாத்துறே, சரியாயிடுது" என்றாள் அக்கா. "அது எங்க இருக்குன்னு காட்டு. தினமும் வந்ததும் நானே மாத்திக்கறேன்."

"கூடாதுக்கா."

"ஏன்?"

"அது வைத்தியம் இல்ல, வலி மாத்திரை. நோய் என்னன்னு கண்டுபிடிக்கற வரைக்கும் நோயாளியைத் தொடக் கூடாது."

"நோயாளி நாலு மணிக்கு டிசைன் அனுப்பணும்டா."

"அது வெள்ளிக்கிழமைதானே?"

சாயங்காலத்தில் அவள் வேலை செய்யலாம். திரை தெளிவாகத்தான் இருக்கும். ஆனால் சாயங்காலம் முழுவதும் கம்ப்யூட்டர் என் சிகிச்சையில் இருந்தது. ஆகவே அவள் மதியங்களில் அந்த மங்கலிலேயே உட்கார்ந்தாள். குருவியின் தலையைத் திரை நிறையப் பெரிதாக்கி, ஒரு தையல் வைத்து, சிறிதாக்கிப் பார்த்து, மறுபடி பெரிதாக்கி, மறு தையல் வைத்தாள். கண் அலகைவிட்டு மெல்ல மெல்லத் தலைக்கு ஏறியது. வாசகத்தில் ‘ப’வுக்கும் ‘ற’வுக்கும் நடுவில் ஊசி இறங்க இடமிருக்கிறதா என்று அரை மணி நேரம் பார்ப்பாள். கண்ணைத் தேய்த்துக்கொள்வாள். எழுந்திருக்க மாட்டாள்.

வியாழக்கிழமை நான் ஒரு மகத்தான முடிவெடுத்தேன். இருப்பதிலேயே மிகப் புதிய டிரைவரைத் தேடிப் பிடித்துப் போட்டேன். அது எங்கள் கம்ப்யூட்டருக்கானதல்ல, அதன் ஒன்றுவிட்ட தம்பிக்கானது என்பது திரை முழுக்கக் கறுத்த பிறகுதான் புரிந்தது. அக்கா அப்போது அடுப்படியில் இருந்தாள். மதியம் செய்ததை அவள் சேமித்திருக்கவில்லை. பாதுகாப்பு முறையில் திறந்து, அந்தத் தம்பியைத் துரத்தி, பழையதை அழைத்து வருவதற்குள் இரவுச் சாப்பாடு ஆறிவிட்டது. குருவியின் கண் மறுபடி அலகுப் பக்கம் இறங்கியிருந்தது.

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "காலைல ஷிப்டுல மேடத்துகிட்ட சொல்லிடப்போறேன், வேற ஆளைப் பாத்துக்கங்கன்னு. நூல்னா கண்ணுக்காவது தெரியுது."

அத்தான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, தட்டில் ஏதோ விதி எழுதியிருப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"அது... டிரைவரா இல்லாமயும் இருக்கலாமோ..."

"அத்தான், தெரியாத ஆட்டத்துல விசில் ஊதாதீங்க" என்றேன்.

"சரிப்பா" என்றார்.

நான் ஒரு முடிவுக்கு வந்தேன். எதிரி வருவது எப்போது என்று தெரிந்துவிட்டது, காலை. டிரைவரைக் கையும் களவுமாகப் பிடிப்பது என்று தீர்மானித்தேன். அதன் பிறகு அக்காவின் கால்களில் விழுவதா, பேட்டி கொடுப்பதா என்று யோசித்துக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை அக்கா முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனாள். நான் கல்லூரிக்குப் போகவில்லை. சோபாவில் போர்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்தி, ஒரு கண்ணுக்கு மட்டும் வழி வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். வழக்கமாக இந்த நேரத்தில் நான் போயிருப்பேன். மடிக்காத போர்வை மட்டும் சோபாவில் கிடக்கும். அத்தான் ஷூக்களைக் கையில் பிடித்தபடி அறையிலிருந்து வந்தார். தன் பருந்துக் கண்ணால் என்னைப் பார்த்தார். "மடிக்கவே மாட்டான்" என்று என் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போய்க் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார்.

அடுத்து நடந்ததை நான் மூச்சு விடாமல் பார்த்தேன். அத்தான் செட்டிங்ஸுக்குப் போனார். தடுமாறாமல், பழகிய வீட்டில் இருட்டில் நடப்பவர்போலப் போனார். ரெசல்யூஷனைக் குறைத்தார். எழுத்தெல்லாம் உப்பிக்கொண்டு வந்தது. ‘இந்த மாற்றத்தை வைத்துக்கொள்ளவா?’ என்று ஒரு பெட்டி கேட்டது. ‘ஆம்’ என்றார். பிறகு கால்பந்து விதிகள் என்ற தலைப்பில் எதையோ திறந்து, உதடு அசைய அசையப் படிக்க ஆரம்பித்தார். மேல்நிலை நடுவர் தேர்வுக்கு அவர் படிக்கிறார் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது.

கொஞ்ச நேரத்தில் திரை ஓரத்தில் உப்பித் தெரிந்த மணியைப் பார்த்தார். எழுந்திருக்கும் முன் மறுபடி செட்டிங்ஸுக்குப் போனார். பழையபடி பெரிய ரெசல்யூஷனைத் தேர்ந்தெடுத்தார். திரை பளிச்சென்று தெளிந்தது, எழுத்தெல்லாம் எறும்பாகியது. அத்தான் திருப்தியோடு தலையசைத்தார். கடமை முடிந்தது என்று எழுந்து, திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து, ஷூ லேஸைக் கட்டத் தொடங்கினார்.

அவருக்குப் பின்னால் அதே பெட்டி வந்து நின்றது. இந்தமுறை எறும்பு எழுத்தில். வைத்துக்கொள்ளவா? பக்கத்தில் விநாடிகள் குறைந்துகொண்டே வந்தன. பதினைந்து விநாடிக்குள் பதில் வராவிட்டால், இந்த ஆளுக்குத் திரையே தெரியவில்லைபோலிருக்கிறது என்று கம்ப்யூட்டர் இரக்கப்பட்டு, பழைய நிலைக்கே திரும்பிவிடும். அத்தான் இரண்டாவது லேஸில் முடிச்சுப் போட்டார். திரை ஒருமுறை கண்சிமிட்டி மங்கலானது.

நான் போர்வையை விலக்கினேன்.

"விசில் ஊதுங்க அத்தான். முதுகுக்குப் பின்னாடி ஃபவுல்."

அவர் துள்ளியதில் லேஸ் கையோடு வந்துவிட்டது. "நீ காலேஜ் போகலையா?"

"நீங்கதானா?"

"என்ன நான்தானா? தினமும் ஒழுங்கா மாத்தி வெச்சுட்டுத்தான்டா போறேன். இப்பக்கூட வெச்சேனே. நீயே பாத்திருப்பே."

"திரும்பிப் பாருங்க."

திரும்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஐயோ."

"அந்தப் பெட்டிக்கு ஏன் பதில் சொல்லலை?"

"அது குறைக்கும்போதுதான்டா கேக்கும். ஏத்தும்போது கேக்காது."

"கேக்குது அத்தான். உங்களுக்குத் தெரியலை."

மறுபடி ரெசல்யூஷனை ஏற்றிக் காட்டினேன். திரையில் மூக்கு படும் தூரத்துக்கு வந்து பார்த்தார். "இதுவா? விளம்பரம்னு நெனச்சேன்" என்றார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப அந்தக் குருவி... நான் பண்ணதா?"

"கண்ணாடி போட்டுக்கலாம்ல?"

"நடுவர் கண்ணாடி போட்டுக்கிட்டு மைதானத்துல இறங்கினா என்ன ஆகும்னு தெரியுமாடா? இத்தனை வருஷமா அவனுங்க கேட்ட கேள்விக்கு நானே கையெழுத்துப் போட்டு பதில் குடுத்த மாதிரி."

"சரி, வீட்டுலயாவது போடலாம்ல?"

"வீட்டுலதான் நீ இருக்கியே" என்றார். குரலில் கோபமில்லை. "தீவுல விடணும்னு சொன்னது யாரு?"

இந்தக் கேள்வி பாடத்திட்டத்துக்கு வெளியிலிருந்து வந்தது. அதற்கு நேரமும் இல்லை. ஷிப்டில் டீ இடைவேளை நெருங்கிக்கொண்டிருந்தது. அக்கா மேடத்திடம் பேசும் நேரம். போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். மெஷின்களின் இரைச்சலுக்கு நடுவில் அக்காவின் குரல் வந்தது.

"என்னடா?"

"அக்கா, கண்டுபிடிச்சுட்டேன். சத்தியமா. இனிமே வராது."

"நேத்தும் இதத்தான் சொன்னே. முந்தாநாளும் சொன்னே. கேபிள் வாங்கிட்டு வந்தப்பவும் சொன்னே."

"இது வேறக்கா."

"என்ன, வேற டிரைவரா?"

அத்தானைப் பார்த்தேன். இரண்டு கையையும் ஆட்டினார், சொல்லாதே என்று.

"ஒரு... ஒரு மாதிரி டிரைவர்தான்."

"வெச்சுடறேன். மேடம் இந்தப் பக்கம் வர்றாங்க."

"அக்கா, இரு, இரு!"

"எதுக்குடா இருக்கணும்? மதியம் வந்து உக்காந்தா மறுபடியும் பஞ்சாத்தான் இருக்கும். நாலு மணிக்கு அலகுல கண்ணோட இன்னொரு தடவை அனுப்பி, எல்லார் முன்னாடியும் கேவலப்படவா? நானே விட்டுட்டேன்னு சொல்றது மேல்."

நான் எதைச் சொன்னாலும் அவள் நம்பப் போவதில்லை. ஒரு வாரமாக நம்பியதில்தான் இந்த நிலைக்கு வந்திருந்தாள். அத்தான் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். நிமிர்ந்து நின்றார். பெனால்டி கொடுக்கும்போது அவர் அப்படித்தான் நிற்பார்.

"நான்தான்" என்றார்.

"என்ன நீங்கதான்?"

"அந்த ரெசல்யூஷன். தினமும் காலைல குறைச்சது நான்தான். எனக்குச் சின்ன எழுத்து தெரியலை. திருப்பி வெச்சேன். அது சரியா நிக்கலைன்னு எனக்குத் தெரியாது. டிரைவரும் இல்ல, கேபிளும் இல்ல. உன் டிசைனை விட்டுடாதே. இன்னைக்கு ஸ்க்ரீன் சரியா இருக்கும். அதைத் தொடறவன் கையை நானே ஒடைப்பேன். என் கையும் சேர்த்து."

மெஷின் இரைச்சலைவிட உரக்க வந்தது பதில்.

"உங்களுக்கு எழுத்து தெரியாதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள் அக்கா. "பஸ் வந்தா நம்பரையா பாக்கறீங்க? என் கையைப் பாக்கறீங்க. நான் நீட்டினா நீங்களும் நீட்டறீங்க."

"அது ஒரு மரியாதைக்கு..."

"மரியாதையைத் தூக்கி அடுப்புல போடுங்க. கம்ப்யூட்டரைத் தொடறீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் ஒரு வாரமா இவனோட..." அதற்குள் வேறொரு குரல் பக்கத்தில் வந்தது. மேடம்.

"என்னம்மா, ஏதோ பேசணும்னு சொன்னியாமே?"

அத்தானும் நானும் போனின் இரண்டு பக்கமும் குனிந்து நின்றோம். எங்கோ ஒரு நூல் அறுந்து, ஒரு மெஷின் நின்று, விட்டுவிட்டுக் கத்தியது.

"ஒண்ணுமில்ல மேடம்" என்றாள் அக்கா. "நாலு மணிக்கு டிசைன் வந்துடும்."

மதியம் அவள் வருவதற்குள் நான் என் வேலையை முடித்திருந்தேன். கம்ப்யூட்டரில் அத்தானுக்கென்று தனிக் கணக்கு ஒன்று தொடங்கினேன். ரெசல்யூஷனில் கைவைக்காமல், எழுத்தை மட்டும் பெரிதாக்க ஒரு வசதி உண்டு. படம் மங்காது, எழுத்து தெளிவாகவே பெரிதாகும். அப்படி ஒரு வசதி இருப்பது எனக்கு முன்பே தெரியும். கோழைகளுக்கென்று கண்டுபிடித்தது என்று ஒதுக்கி வைத்திருந்தேன். அதை அத்தானுக்கு முழுசாகத் திறந்துவிட்டேன். பார்த்தார். "இது முன்னாடியே இருந்துச்சா?" என்று கேட்டார். "இப்பதான் வந்துச்சு" என்றேன்.

கிடங்குக்கு லீவு போட்ட கணவரையும் கல்லூரிக்கு லீவு போட்ட தம்பியையும் அக்கா ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. நேராக வந்து உட்கார்ந்தாள். "ரெண்டு பேரும் மூணடி தள்ளி நில்லுங்க. இந்தக் கம்ப்யூட்டர் மேல மூச்சுக்கூடப் படக்கூடாது."

நின்றோம்.

குருவியை முதலிலிருந்து தொடங்கினாள். மங்கலில் ஒரு வாரம் தடவித் தடவிச் செய்த கை. தெளிவில் அதற்குத் தடையே இல்லை. சிறகுக்கு ஒரு பக்கம் சாய்ந்த தையல், கழுத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்த தையல். கண் வர வேண்டிய இடத்தில் ஒரு கணம் நிறுத்தி, முகத்தைச் சாய்த்துப் பார்த்து, சின்னதாக ஒரு வட்டம் வைத்தாள். அது எங்களைப் பார்த்தது. வாசகத்துக்கு வந்தபோது எனக்குக் கால் மரத்துவிட்டது. அத்தான் மணியை என்னிடம் கேட்டார். கடிகாரம் அவருக்கு எதிரேதான் இருந்தது. நாலுக்குக் கொஞ்சம் முன்னால் திரையிலேயே ஒருமுறை எல்லாத் தையலையும் ஓடவிட்டுப் பார்த்தாள். ‘ப’ முட்டவில்லை, ‘ற’ இடிக்கவில்லை. அனுப்பிவிட்டாள்.

பிறகு காத்திருந்தோம். மெஷினில் ஏற்றித் தைத்து முடிய நேரமாகும். அக்கா எழுந்து சமையலறைக்குப் போனாள், வந்தாள், ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். அத்தான் அறுந்த லேஸை ஷூவில் மறுபடி கோத்தார்; துளை கிடைக்காமல் இரண்டு தடவை தவறவிட்டார். அக்கா அதை வாங்கிக் கோத்துக் கொடுத்தாள்.

வெளிச்சம் சாய ஆரம்பித்தபோது மெயில் வந்த சத்தம் கேட்டது.

அக்கா சுவரோரமாகப் போய்க் கண்களை இறுக மூடிக்கொண்டாள். ஒரு கையால் அத்தானின் சட்டையைப் பிடித்திருந்தாள். "நான் பாக்க மாட்டேன். அவருக்குத் தெரியாது. நீ படிடா."

நான் நாற்காலியில் உட்கார்ந்து மெயிலைத் திறந்தேன். மேடம் நீளமாக எழுதியிருந்தார். மேலே தைத்த சின்னத்தின் படமும் இருந்தது. திரை அதன் முழு ரெசல்யூஷனில், தயாரித்தவர்கள் நினைத்தபடியே, ஒரு புள்ளிகூடக் குறையாமல் இருந்தது. எழுத்துகள் மெல்லிய கோடுபோல, ஒன்றன்மேல் ஒன்றாக ஊர்ந்தன. குனிந்தேன். இன்னும் குனிந்தேன்.

"என்னடா முனகுறே?" என்றாள் அக்கா கண்ணைத் திறக்காமலே. "தள்ளிட்டாங்களா? சொல்லித் தொலை."

"இரு. படிக்கறேன்ல."

அத்தான் எனக்குப் பின்னால் நிற்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையின் சுண்டுவிரலை, மேசைக்கு வலிக்காமல், கண்ட்ரோல் விசைமேல் வைத்தேன். வலது கையால் மவுஸின் சக்கரத்தை ஒரு சுற்று உருட்டினேன். பிறகு சத்தமில்லாமல் இன்னொரு சுற்று. எழுத்துகள் வரிசையாக நிமிர்ந்து, உப்பி, என் முகத்துக்கு நேராக வந்து நின்றன.

தொண்டையைச் சரிசெய்துகொண்டு, முதல் வரியிலிருந்து படித்தேன்: "எங்கள் புது டிசைனருக்கு..."